சுகர்னு மட்டும் சொல்லிராதீங்க

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி விடுங்க தம்பி. மார்கழிக் குளிர்னு தெரியுது, நீங்க சட்டைக் காலரைத் தூக்கி விட்டிருக்கிறதும் தெரியுது. எனக்குத்தான் திடீர் திடீர்னு குப்புனு ஏறுது. நெஞ்சுல கிளம்பிக் காது வரைக்கும் போகும், அப்புறம் வேத்து ஊத்திட்டு அடங்கிரும். ரெண்டு நிமிஷந்தான். அடங்கவும் சாத்திக்கிரலாம்.

மாட்டுத்தாவணியில ஏறும்போதே பாத்தேன், அந்தக் கவரை மடியில குப்புறப் போட்டு வச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரிப் பேரு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. அதே கவர் எங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு கெடக்கு. முன்னாடி ரெண்டாவது சீட்டுல, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஜன்னல்ல சாஞ்சு தூங்கறாரே, அவரு அப்பாவா? நெனச்சேன். மூக்கு அப்படியே இருக்கு.

எந்த இடத்துலன்னு சொன்னாக? ம். அதேதான். மூத்திரப்பைக்கு அடியில ஒரு சுரப்பி. கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்குமாம், ஆம்பளைக்கு மட்டும் உள்ளது. எங்கண்ணனுக்கும் அங்கதான் வந்துச்சு.

அவர்ட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க? இன்னும் ஒண்ணும் சொல்லலையா. அம்மாகிட்டக் கலந்துக்கிட்டு முடிவு பண்ணணுமா. சரி, அப்ப நல்ல நேரத்துலதான் எங்கிட்ட மாட்டியிருக்கீங்க. நான் சாத்தூர்ல இறங்கணும், இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. எங்க வீட்டுக் கதையைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. என் மகன் ஜெயபாண்டி பின்னாடி கடைசி சீட்டுல இருக்கான், சேந்தாப்புல இடம் கெடைக்கலை. அவன் காதுல விழாது.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிர்றேன். என்ன வேணாலும் சொல்லுங்க. சுகர்னு மட்டும் சொல்லிராதீங்க.

எங்கண்ணன் பேரு தவசிலிங்கம். சாத்தூர்ல மிட்டாய்க் கடை. மிட்டாய்னா நீங்க நெனைக்கிற காகிதம் சுத்துனது இல்லை. கருப்பட்டி மிட்டாய். அரிசியும் உளுந்தும் ஆட்டி, கொதிக்கிற எண்ணெய்யில சுத்திச் சுத்திப் பிழிஞ்சு, அப்படியே எடுத்துச் சுக்கு போட்ட கருப்பட்டிப் பாகுல முக்குறது. திருவிழா வந்துட்டா அண்ணனுக்குத் திரும்பிப் பாக்க நேரம் இருக்காது. நான் வேற தொழில், தீப்பெட்டி ஏஜென்ட்டு. கடையை அவரே வச்சுக்கிட்டாரு.

அந்தக் கடையில ஒரு வழக்கம் உண்டு. எங்கப்பா காலத்துல இருந்து. காலையில முதல் ஈடு எடுக்கவும், அதுல ஒண்ணைக் கடைக்காரன் வாயில போட்டுக்கிறணும். போட்டு மென்னு முழுங்குன பெறகுதான் அடுத்தவுகளுக்கு வியாபாரம். "நான் திங்காததை ஊரானுக்கு எப்படிய்யா குடுக்கிறது"ன்னு எங்கப்பா சொல்வாரு. அண்ணன் அதை அறுபத்தெட்டு வயசு வரைக்கும் ஒருநா தவறவிட்டதில்லை. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட எந்திரிச்சு வந்து வாயில போட்டுட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டாரு. பாகு பதத்தை விரல்ல பாத்துரலாம் தம்பி. கருப்பட்டியில சீனி கலந்திருக்கானா, உப்பு நிக்குதான்னு நாக்குதான சொல்லணும்? வேம்பார்க் கருப்பட்டி யாவாரி அண்ணன் நாக்கைக் கண்டா நடுங்குவான்.

அப்படிப்பட்ட மனுசன்கிட்டப் போயி நான் சுகர்னு சொன்னேன். வேணும்னு சொல்லலை. வாயில வந்துருச்சு.

எப்படின்னா, அவருக்கு ஒரு வருஷமாவே அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, போனா முக்குறது, இடுப்பு வலி. நான்தான் மதுரைக்குக் கூட்டிட்டு வந்தேன். பிள்ளை இல்லை அவுகளுக்கு. நல்லது கெட்டது எதுன்னாலும் முடிவு பண்றது நான்தான். ரத்தம் எடுத்து, சதை எடுத்து, ஸ்கேன் எடுத்து, பத்து நாள் கழிச்சு டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டாரு. நான்தான் அப்படிக் கேட்டு வச்சிருந்தேன். ரிசல்ட்டை எங்கிட்டச் சொல்லுங்க, அவர்ட்ட வேண்டாம்னு.

சின்ன வயசு டாக்டர், நல்ல மனுசன். பொறுமையாச் சொன்னாரு. வெட்டி எடுக்கிற நிலையைத் தாண்டி இடுப்பு எலும்புல ரெண்டு இடத்துல ஒட்டிருச்சு. ஆனா பயப்படாதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு. ஆம்பளைச் சத்தைக் குடிச்சுத்தான் அந்தக் கட்டி வளருது, இந்த ஊசி அந்தச் சத்தை நிறுத்திப்புடும். கட்டி அடங்கிக் கெடக்கும், வருஷக்கணக்குல ஓட்டலாம். விடாமப் போடணும், அதுதான் முக்கியம்னாரு. அப்புறம் சொன்னாரு, இந்த ஊசி வேற பக்கம் உடம்பைக் கெடுக்கும். வயிறு போடும், கொழுப்பு கூடும், சுகர் வந்துரும், நெஞ்சுக்கு ஆகாது. அதனால சுகர்காரங்களுக்குக் குடுக்கிற மாத்திரையை இவருக்கும் எழுதறேன். "இவருக்குச் சுகர் இல்லை, நல்லாப் புரிஞ்சுக்கங்க. கட்டியை இந்த மாத்திரை கரைக்காது. ஊசியால வர்ற கெடுதல் கொஞ்சம் மட்டுப்படுமான்னுதான் குடுக்கிறேன். எல்லா டாக்டரும் குடுக்கிறதில்லை, இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு"ன்னாரு. நான் தலையை ஆட்டுனேன். "அவர்ட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா"ன்னு கேட்டாரு. "நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன் டாக்டர்"னேன்.

பக்குவமாச் சொல்லத்தான் நெனச்சேன். கீழ மருந்துக் கடையில சீட்டைக் குடுக்கவும், அந்த ஆளு மாத்திரை அட்டையைக் கத்தரிச்சுக்கிட்டே, "இது சுகர் மாத்திரை, சாப்பிட்டவுடனே போடச் சொல்லுங்க"ன்னு சத்தமாச் சொல்லிப்புட்டான். பக்கத்துல அண்ணன். திரும்பி என்னைப் பாத்தாரு. "எனக்குச் சுகராடா?"ன்னாரு.

தம்பி, அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். பயம் இல்லை அதுல. அப்பாடான்னு ஒரு இது. வேற என்னத்தையோ நெனச்சுப் பயந்துக்கிட்டு இருந்தவருக்கு, வெறும் சுகர்தானான்னு. நான் "ஆமாண்ணே"ன்னுட்டேன். என்ன தப்பு? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றாக, ஒரு உசிருக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதா?

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாக. இது அப்படிப் பொருந்துச்சு. அடிக்கடி ஒண்ணுக்குப் போச்சா? சுகர்ணே. மூணு மாசத்துக்கு ஒரு ஊசியா? சுகருக்குப் புதுசா வந்திருக்குண்ணே. ஊசி போட்ட ஒரு மாசத்துல குப்புனு சூடு ஏறி வேத்து ஊத்துச்சு, சட்டையெல்லாம் நனையும், சுகர் ஏறி இறங்குதுண்ணே. ஒண்ணுமில்லாததுக்குக் கண்ணு கலங்குவாரு, பூனை குட்டி போட்டதைப் பாத்து அழுதாரு. சுகர்காரங்க அப்படித்தாண்ணே. நெஞ்சு கொஞ்சம் பொம்பளை மாதிரி வச்சுருச்சு. அது வரைக்கும் அடுப்படியில வெத்து உடம்போட நிக்கிறவரு, சட்டையைக் கழட்டறதை விட்டாரு. அதுக்கும் நான் சுகர்னுதான் சொன்னேன். நம்புனாரு. என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு குடுத்தாரு எங்கண்ணன்.

ஒரே ஒரு கஷ்டந்தான். மிட்டாய். சுகர்னு ஆன பெறகு எப்படித் திங்கறது? மதினியைக் கூப்பிட்டு நிறுத்தி, முதல் ஈட்டை அவுக வாயில போடச் சொன்னாரு. சண்முகத்தாய்னு பேரு மதினிக்கு. அவுக மெல்லுவாக, இவரு அவுக முகத்தையே பாத்துக்கிட்டு நிப்பாரு. "கசக்குதா? சுக்கு காணுமா? பாகு உள்ள போயிருக்கா?" மதினிக்கு அழுகையா வரும். ஏன்னா மதினிக்குத் தெரியும், சொல்லித்தான் வச்சிருந்தேன். தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். திங்காதீங்கன்னும் சொல்லணும். "ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லிரவா"ன்னு எங்கிட்டக் கேட்டாக. நான் விடலை. ஒரு இடத்துல ஓட்டை விழுந்தா எல்லாம் ஒழுகிரும்ல?

அந்த மாத்திரை வேற நாக்குல இரும்பு வாடை குடுக்கும். சாவியைச் சப்புன மாதிரி இருக்கும். கருப்பட்டியை நாக்குல வச்சுப் பாத்து, "எனக்கு ஒண்ணும் தெரியலைடா, ஏமாத்துறான் யாவாரி"ன்னு புலம்புவாரு. எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும். சொல்றேன்.

ஆனா ஒண்ணு தம்பி. வேலை செஞ்சுச்சு. ஒரு வருஷத்துல இடுப்பு வலி போச்சு, ஒண்ணுக்கு ஒழுங்காச்சு. ரத்த டெஸ்ட்ல அந்தக் கட்டியைக் காட்டுற அளவு அப்படியே கீழ வந்துருச்சு. டாக்டர் என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு. எடை ஏறலை, கொழுப்பு ஏறலை, சுகர் ஏறலை, எல்லாம் சரியா இருக்கு, இப்படியே கொண்டு போகணும்னாரு. வெளிய வந்து நான் ஒரு ஆளு மாதிரி நடந்தேன். என் சாமர்த்தியந்தான இது? சொல்லியிருந்தா அன்னைக்கே அவரு பாதி செத்திருப்பாரு. எங்க சித்தப்பா அப்படித்தான் போனாரு, வியாதி பேரைக் கேட்ட பத்தாம் நாளு.

திருமங்கலம் தாண்டியாச்சா? கண்ணாடியைச் சாத்திக்கங்க, எனக்கு அடங்கிருச்சு.

எல்லாத்தையும் கெடுத்தவ ஒருத்தி. இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது. போன வைகாசிக்கு முந்தின வைகாசி, வியாபாரிகள் சேந்து கல்யாண மண்டபத்துல இலவச முகாம் போட்டாக. கண்ணு பாக்கிறது, பிரஷர் பாக்கிறது, சுகர் பாக்கிறது. கடைக்காரங்க எல்லாரும் போனாக, அண்ணனும் போனாரு. அந்த நேரம் நான் சிவகாசியில. இருந்திருந்தா விட்டிருப்பேனா? ஒரு சின்னப் பொண்ணு, நர்சு படிக்கிறவ, விரல்ல குத்தி மிஷின்ல வச்சுப் பாத்துட்டு, "தாத்தா, தொண்ணூத்தெட்டு. உங்களுக்குச் சுகரே இல்லை"ன்னு சொல்லிருக்கா. "இருந்துச்சு தாயி, மாத்திரை போடறேன்"னு இவரு சொல்லிருக்காரு. "அப்ப நல்லாக் கட்டுப்பாட்டுல இருக்கு தாத்தா"ன்னு சிரிச்சிருக்கா.

சிரிச்சாளாம்!

டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு சொன்னேன்னு அந்தப் பொண்ணு பின்னாடி எங்கிட்டச் சொன்னா. சொல்லியிருப்பா. சொல்லி என்ன பிரயோஜனம்?

அண்ணன் ஏமாளி இல்லை தம்பி. பாகு காய்ச்சுறவரு, எதையும் சோதிச்சுத்தான் நம்புவாரு. அன்னைல இருந்து மாத்திரையை நிறுத்தினாரு. பதினஞ்சு நாளு கழிச்சு லேப்ல போய் ரத்தம் குடுத்தாரு. நூத்திரெண்டு. சரின்னு, மறுநா காலையில முதல் ஈடு எடுத்ததும், மதினியைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, தானே ஒரு மிட்டாயை எடுத்து வாயில போட்டாரு. ஒண்ணே முக்கால் வருஷத்துக்கு அப்புறம். கண்ணை மூடிக்கிட்டு மென்னாராம். பாகு தாடையில வழிய நின்னாராம். மாத்திரையை விட்டதுல நாக்கும் திரும்பி வந்திருச்சுல்ல. ஒரு வாரம் அப்படித் தின்னுட்டு மறுபடி லேப்புக்குப் போனாரு. அப்பவும் ஏறலை.

என் வீட்டுக்கு வந்தாரு பாருங்க. பனையோலைப் பெட்டி நெறைய மிட்டாய். வாசல்லயே நின்னு, "டேய், சுகரை ஓட விட்டுட்டேன்டா! மூணு தடவை பாத்தாச்சு. உங்கண்ணன் ஜெயிச்சுட்டான்"ன்னாரு. தெருவே கேட்டுச்சு. சின்னப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சுக்கிட்டே ஒரு மிட்டாயை எடுத்துத் தின்னேன். என்ன செய்யச் சொல்றீங்க?

மாத்திரையை விட்டது பெரிசில்லை, டாக்டரே சொன்னாரு. ஊசி? ஆடி மாசம் ஊசி வாங்கிக்கிட்டுப் போய் நிக்கிறேன், போட்டுக்கமாட்டேன்னுட்டாரு. "சுகரே இல்லாதவனுக்குச் சுகர் ஊசி எதுக்குடா? ஊசி போட்டாத்தான் எனக்கு வேத்து ஊத்துது, நெஞ்சு வைக்குது. இப்பத்தான் மனுசனா இருக்கேன்"ன்னாரு. திரும்ப வராம இருக்கப் போடணும்ணேன்னேன். "வந்தாப் போட்டுக்கிறேன்"ன்னாரு. சத்து ஊசின்னு நெனச்சுப் போட்டுக்கங்கண்ணேன்னேன். "சத்து வேணும்னா ரெண்டு முட்டை கூடத் திங்கிறேன், போடா"ன்னு சிரிச்சாரு. நான் என்ன சொன்னாலும் அவருகிட்ட பதில் இருந்துச்சு. எல்லாம் சரியான பதில். அதுதான் கொடுமை.

மதினி எங்கிட்ட வந்து அழுதாக. "சொல்லிருவோம் கொழுந்தனாரே. நம்ம வாயாலதான் கெட்டுச்சு, நம்ம வாயாலயே சரி பண்ணிருவோம். அவரு தைரியசாலி, தாங்கிக்கிருவாரு"ன்னாக. நான் ஒரு அதட்டுப் போட்டேன். "நீங்க சொல்லி அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கொன்ன பாவம் உங்களுக்குத்தான்"னுட்டேன். அன்னைக்கு மூடுன வாயி. பொம்பளைக்கு என்ன தெரியும் ஆம்பளை மனசு?

டாக்டருக்குப் போன் போட்டேன். அவரு, "கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன். அவரு உடம்பு, அவருக்குத் தெரியணும்ல"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. எங்கண்ணனைப் பத்தி எனக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமான்னு வச்சுட்டேன். கொஞ்ச நாள்ல எப்படியும் வழிக்குக் கொண்டுவந்துருவேன்னு நெனச்சேன். ஆடி போச்சு. ஐப்பசி ஊசியும் போச்சு. ஒவ்வொரு தடவையும் என் வீட்டு பிரிட்ஜ்ல அந்த ஊசி டப்பா உக்காந்திருக்கும், மோருக்குப் பக்கத்துல.

தையில ஒருநா காலையில, முதல் ஈடு பிழிஞ்சுக்கிட்டு இருக்கும்போது காலு மரத்துப் போச்சுன்னிருக்காரு. எண்ணெய் வடிக்கிற ஜன்னிக்கரண்டியைக் கீழ வச்சுட்டு எந்திரிக்கப் பாத்திருக்காரு, எந்திரிக்க முடியலை. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லை. கட்டி முதுகெலும்புல ஏறி நரம்பை நெரிச்சிருச்சு. வேன்ல மதுரைக்கு அள்ளிட்டுப் போனோம். ஸ்கேனைப் பாத்துட்டு டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "ஏன் ஊசியை விட்டீங்க?" நான் முகாமைச் சொன்னேன், அந்தப் பொண்ணைச் சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு நர்சைக் கூப்பிட்டாரு. கரண்ட்டு வச்சாக, என்னென்னமோ செஞ்சாக. காலு வரலை.

ஊருக்கு வந்ததும் நேரா அந்தப் பொண்ணைத் தேடித்தான் போனேன். ஒரு கிளினிக்ல வேலைக்கு இருந்தா. நாலு பேரு முன்னாடி வச்சு நாக்கைப் புடுங்குற மாதிரி கேட்டேன். அழுதா. "அவருக்குச் சுகர் இல்லைங்க சார். இல்லாததை இருக்குன்னா நான் சொல்ல முடியும்?"ன்னா. எப்படி வாய் பேசுறா பாருங்க, இந்தக் காலத்துப் பிள்ளைக.

அண்ணன் வைகாசி வரைக்கும் கெடந்தாரு. காலு ஏன் போச்சுன்னு கேட்டாரு. என்ன சொல்றது? சுகர் நரம்புல எறங்கிருச்சுண்ணேன்னேன். அது நடக்கறதுதான, எத்தனையோ சுகர்காரங்களுக்குக் காலு போயிருக்கு. பொருந்துச்சு. அப்படியே மோட்டைப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. "அப்ப அது போகலை. ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் மிட்டாயைத் தின்னு எழுப்பி விட்டுட்டேன்"ன்னாரு.

கடைசி வரைக்கும் அதேதான் தம்பி. வலியில முனகும்போதுகூட. மதினி கையைப் பிடிச்சுக்கிட்டு, "வாயைக் கட்டத் தெரியாத பய நானு. நாக்குக்கு ஆசைப்பட்டு உன்னை ஒத்தையில விட்டுட்டுப் போறேன். என்னை மன்னிச்சிரு தாயி"ன்னு அழுவாரு. கட்டுன பொண்டாட்டியைத் தாயின்னு கூப்பிட்டு. மதினி அவரு நெத்தியைத் தடவிக்கிட்டே என் முகத்தைப் பாப்பாக. நான் கண்ணால, வேண்டாம்னு சொல்லுவேன். அவுக பாப்பாக, நான் வேண்டாம்பேன். அப்படியே நாலு மாசம். ஒருநா காலையில மூச்சு நின்னு போச்சு.

தெரியாமலே போயிட்டாரு. அந்த ஒரு நிம்மதி எனக்கு இருக்கு. அந்தப் பேரை ஒரு தடவைகூட அவரு காதுல விழ விடலை நான்.

பதினாறாம் நாள் கும்பிட்டோம். படத்துக்கு முன்னாடி இலை போட்டு, அவருக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும்ல? மதினி விடியமுன்ன எந்திரிச்சு, தானே பாகு காய்ச்சி, தானே பிழிஞ்சு, முதல் ஈட்டை ஒரு தட்டுல கொண்டுவந்து வச்சாக. சொந்தக்காரப் பெருசு ஒண்ணு, "சுகர்ல போன மனுசனுக்கு மிட்டாய் படைக்கலாமா? அதைத் தின்னுதான போனாரு"ன்னுச்சு. எல்லாரும் உச்சுக் கொட்டுனாக. மதினி எந்திரிச்சு நின்னாக. வீடு நெறைய ஆளு. "அவருக்குச் சுகர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. புத்துநோய். மிட்டாய் தின்னு சாகலை, ஊசி போடாமச் செத்தாரு. சொல்ல வேண்டியவுக சொல்லலை. நானும் சொல்லலை." அவ்வளவுதான். உக்காந்து இலையில மிட்டாயை ஒவ்வொண்ணா எடுத்து வச்சாக.

என் மானத்தை வாங்கிட்டாக தம்பி. எதுக்கு இப்ப? போன பெறகு சொல்லி யாருக்கு என்ன லாபம்? அன்னைல இருந்து எங்கூடப் பேசறதில்லை. நான் எதிர்த்தாப்புல வந்தா தலையைத் திருப்பிக்கிட்டுப் போறாக. அவுக புருசனுக்காக நான் அலைஞ்ச அலைச்சல் என்ன, செஞ்சது என்ன. என்ன கோவம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

விருதுநகர் வந்துருச்சு. பத்து நிமிஷம் நிப்பான். அந்தா, ஜெயபாண்டி டீ வாங்க இறங்கிட்டான். எனக்கும் வாங்கிட்டு வருவான், நல்ல பிள்ளை.

அதனாலதான் சொல்றேன். அப்பாகிட்ட எது வேணாலும் சொல்லுங்க. நரம்புத் தளர்ச்சின்னு சொல்லுங்க, எலும்பு தேய்மானம்னு சொல்லுங்க, அதையெல்லாம் ஒரு பயலும் சோதிச்சுப் பாக்க முடியாது. சுகர் அப்படி இல்லை. விரல் நுனியில இருக்கு அதுக்குச் சாட்சி. தெருவுக்குத் தெரு மிஷின். நான் விட்ட தப்பு அது ஒண்ணுதான்.

என்ன பாக்கிறீங்க? எனக்கா? எனக்கும் சுகர்தான். ஆவணியில இருந்து. அடிக்கடி ஒண்ணுக்கு வந்துச்சு, ஜெயபாண்டிதான் கூட்டிட்டு வந்தான். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். பய அவரைத் தனியாப் போய்ப் பாத்துட்டு வெளிய வந்தான். கண்ணு செவந்திருந்துச்சு. "சுகர்ப்பா, வேற ஒண்ணும் இல்லை"ன்னான். சாப்பிட்டவுடனே போடற மாத்திரை. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. இன்னைக்கு ரெண்டாவது ஊசி போட்டுக்கிட்டுத்தான் வர்றேன். டப்பா அதே டப்பா, எனக்குத் தெரியாதா, எங்க வீட்டு பிரிட்ஜ்ல இருந்ததுதான. ஆனா பய சுகர்னு சொல்றான்ல.

இன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல மேசை போட்டு உக்காந்திருந்தாக, இலவசமாச் சுகர் பாக்க. ஒரு பொண்ணு, "விரலை நீட்டுங்கய்யா, அஞ்சே நிமிஷம்"னா. ஜெயபாண்டி முகம் வெளுத்துப் போச்சு. நான் கையை மடக்கி வேட்டிக்குள்ள வச்சுக்கிட்டேன். "எனக்கு இருக்கு தாயி, தெரியும்"னேன். பய மூச்சு விட்டான். பாவம், எம்மேல அவ்வளவு பாசம். ஊசியை விடமாட்டேன் தம்பி, எங்கண்ணன் மாதிரி விடமாட்டேன். அதுக்கு அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாச் சொல்லிருவான். அதான் கேக்கிறதில்லை.

ஆமா, உங்கப்பா உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையா? டாக்டர் என்ன சொன்னாருன்னு? ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தைகூடவா கேக்கலை?

அப்ப அவருக்குத் தெரியும் தம்பி.

இருங்க, பய வர்றான். கவரைப் பழையபடி குப்புறப் போடுங்க. நம்ம ஊரு மழை தண்ணியைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்னு வச்சுக்கங்க. வாப்பா, வா. சீனி போடாமத்தான வாங்குன? ம், நல்ல பிள்ளை. சுகர்காரனுக்கு ஒரு துளி சீனிகூட ஆகாதுல்ல.